காணாததை அளத்தல்

கடலடியில் ஊர்ந்து திரியும் ஒரு ஜீவராசியின் தொகையை மனிதன் எந்தப் பிரமாணத்தைக் கொண்டு அறிகிறான் என்று வினவினால், பிரத்தியட்சத்தால் அன்று, அனுமானத்தாலேயே என்று நியாய சாஸ்திரம் பயின்ற நையாயிகன் தயங்காமல் விடை பகர்வான். அலாஸ்காவை அடுத்த பெரிங் கடலில் கோடைதோறும் ஆராய்ச்சிக் கப்பல்கள் கடற்பரப்பைக் கட்டங்களாக வகுத்துக்கொண்டு, இடந்தோறும் அரைமணி நேரம் அடிவலை இழுத்து, அகப்பட்ட பனி நண்டுகளை ஆண், பெண், ஓட்டின் அகலம் எனப் பிரித்து எண்ணி, அச்சிறு கணக்கிலிருந்து முழுக் கடலின் கணக்கை ஊகிக்க, அந்த ஊகத்தின் மேல்தான் அவ்வாண்டு பிடிக்கத்தக்க அளவு விதிக்கப்படுகிறது. பருத்த ஆண் நண்டுகளையே கரைசேர்க்கலாம். பெண்ணும் குஞ்சும் கடலுக்கே திரும்பவேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் பானையில் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வேகிறது, கடலுக்கு அந்த நியமம் இல்லை.

2018-இல் இந்தக் கணக்கு முன் எப்போதும் காணாத பெருக்கத்தைக் காட்டிற்று. 2020-இல் கொள்ளைநோயின் காரணமாகக் கப்பல்கள் புறப்படவே இல்லை. எனினும், பாராத அந்த ஆண்டிலேதான், பழைய கணக்கின் பலத்தில், பிடிக்கும் அளவு முந்தைய ஆண்டைவிட உயர்த்தப்பட்டு 4.5 கோடி பவுண்டு ஆயிற்று. 2021-இல் மறுபடி வலை இழுத்தபோது, 2018-இல் இருந்தவற்றுள் 1,000 கோடிக்கு மேற்பட்ட நண்டுகளைக் காணோம். 2022 அக்டோபரில், வரலாற்றிலேயே முதன்முறையாக, பனி நண்டுப் பிடிப்பு நிறுத்தப்பட்டது. கடல் வெப்பமுற்றதால் நண்டுகளின் ஜடராக்னி மூண்டு, பெருகிய கூட்டத்துக்கு இரை போதாமல், அவை பட்டினியால் மடிந்திருக்க வேண்டும் என்று 2023-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள், இதுவும் அனுமானமே.

காட்சி ஒன்றையே ஒப்புக்கொள்ளும் பூதவாதி இதைக் கேட்டு நகைக்கக்கூடும். ஆனால் கண்டதை மட்டும் நம்புகிறவன், நண்டு பிடிக்கும் கூடுகள் வெறுமையாக மேலே வரும் நாளில்தான் பிடிப்பை நிறுத்துவான். ஆகையால் அவன் மதம் இங்கே உதவாது. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டென்னும் வியாப்தி, உலகம் தன் இயல்பில் மாறாதிருக்கும்வரைதான் செல்லும் என்பதை மறந்து, ஊகத்துக்கு நிச்சயத்தின் பட்டத்தைக் கட்டியதே குற்றம். குறைவாக மதிப்பிட்டுத் தவறினால், பிடிக்காத நண்டு கடலிலேயே கிடக்கும். மிகுதியாக மதிப்பிட்டுத் தவறினாலோ, எந்தப் பிராயச்சித்தமும் பிடித்த நண்டை மீட்டுத் தராது. இவ்விரு தவறுகளும் சமமானவை அல்ல. எனவே, சந்தேகம் எழும் இடத்தில் அதன் பயன் நண்டைச் சேர்வதே நியாயம்.

இதைச் சொல்வது எளிது. கடன்பட்டுப் படகு வாங்கியவரிடமும், நண்டு பதனிடும் தொழிலின் வரியை நம்பி ஊர் நடத்திவந்த செயின்ட் பால் தீவின் அலியூட் குடிகளிடமும் சென்று நிஷ்காம கர்மத்தை உபதேசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விதியை மீறாதவர்களே இங்கே தண்டனை அனுபவித்தார்கள். அடக்கத்துக்கு ஒரு விலை உண்டென்றால், அதனை நண்டு உண்ணும் சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டுமேயன்றி, படகோட்டியின் தலையில் மட்டும் ஏற்றலாகாது.

பாராத ஆண்டில் அளவைக் கூட்டியதனால் நண்டுகள் மடிந்தன என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் அது தர்மத்துக்கு இசைந்த முடிவு அன்று. 2024 அக்டோபரில் பிடிப்பு மீண்டும் திறக்கப்பட்டபோது அனுமதிக்கப்பட்டது ஏறக்குறைய 47 லட்சம் பவுண்டு.