நாட்டுச் சட்டையும் கிளப் கோப்பையும்

2023 ஜூனில் டென்வர் நகட்ஸ் அணிக்கு வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அதன் முதல் பட்டத்தை வென்று தந்தார் செர்பியரான நிகோலா யோகிச். அந்த நீண்ட சீசன் முடிந்த இரண்டே மாதத்தில் உலகக் கோப்பை. செர்பியாவுக்கு ஆட அவர் வரவில்லை. அவர் இல்லாமலே இறுதி ஆட்டம்வரை போன செர்பியா, மணிலாவில் ஜெர்மனியிடம் 77-83 என்று தோற்றது. அவர் வந்திருந்தால் தங்கம் கிடைத்திருக்குமே என்ற ஆற்றாமை இயல்பு. அதற்காக அவரைக் குற்றவாளி என்று சொல்லலாமா?

திறமையை மட்டும் அளப்பதென்றால் என்.பி.ஏ. பட்டமே கடினமானது. 82 ஆட்டங்கள், அதன்பின் ஏழு ஆட்டத் தொடர்களாக நான்கு சுற்றுகள். உலகக் கோப்பையின் நாக்-அவுட் சுற்றிலோ நாற்பது நிமிடம் கை வராமல் போனால் கதை முடிந்தது. ஆனால் பெருமை என்பது திறமையின் அளவு மட்டுமல்ல. கிளப் தன் குறையைப் பணம் கொடுத்து நிரப்பிக்கொள்ளும். நாட்டு அணி, தன் மண்ணில் வளர்ந்தவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். குடியுரிமை கொடுத்துச் சேர்ப்பவர்களில் ஒருவருக்குத்தான் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா இடம் தருகிறது. ஏறத்தாழ 20 லட்சம் பேர் வாழும் ஸ்லோவேனியா, 2017-இல் செர்பியாவை 93-85 என்று வென்று ஐரோப்பாவின் சாம்பியன் ஆனது. அந்த வெற்றியை எந்தச் சம்பளப் பட்டியலாலும் விளக்க முடியாது. நாட்டுப் பட்டமே உயர்ந்தது என்பதில் இங்கே தயக்கமில்லை.

ஆனால் உயர்ந்தது என்பதாலேயே அதைக் கடனாக வசூலிக்க முடியுமா? 2006 உலகக் கோப்பை அரையிறுதியில் ஸ்பெயினின் பாவ் கசோலுக்குப் பாதத்தில் எலும்பு முறிந்தது. இறுதியில் ஸ்பெயின் கிரீஸை வீழ்த்திக் கோப்பையை வாங்கியது. அடுத்த சீசனின் தொடக்க ஆட்டங்களை அவரில்லாமல் ஆடியது அவருடைய என்.பி.ஏ. கிளப்பான மெம்ஃபிஸ். பெருமை ஓரிடம், இழப்பு வேறிடம். கிளப்பின் அச்சத்தைப் பேராசை என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. ஒரு வீரன் பத்து மாதம் உழைத்த உடம்போடு மீண்டும் வந்து நாட்டுக்கு ஆடினால் அது கொடை. கொடுக்காதவனை ஏசத் தொடங்கினால் கொடுத்தவனின் கொடையும் வரியாகிவிடும்.

உண்மையான தவறு வேறிடத்தில் இருக்கிறது. 2017 நவம்பரில் ஃபிபா உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றை சீசனின் நடுவே கொண்டுவந்து வைத்தது. ஐரோப்பியக் கிளப்புகளின் போட்டியான யூரோலீக் தன் ஆட்டங்களை நிறுத்த மறுத்தது, என்.பி.ஏ.வும் நிற்கவில்லை. ஒரு நாட்காட்டியைப் பேசித் தீர்க்க வேண்டிய பெரிய அமைப்புகள், அந்தச் சுமையை இருபது வயது இளைஞர்களின் மனசாட்சியில் இறக்கி வைத்தன. வராதவனைத் துரோகி என்பவர்கள் முதலில் கேள்வி கேட்க வேண்டியது இந்த அமைப்புகளைத்தான்.

அந்தத் தகுதிச் சுற்றின் முடிவில், ஐரோப்பாவை வென்ற ஸ்லோவேனியாவே 2019 சீன உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை.