ஏறாதவர் சுமக்கும் ஆபத்து

விமானம் ஒன்று வானில் செல்லத் தகுதியுடையது என்று ஓர் அரசு சான்றளிக்கும்போது, அதன் கட்டமைப்பும் எஞ்சினும் மென்பொருளும் பராமரிப்பும் ஏற்கத்தக்க எல்லையைத் தாண்டித் தவறமாட்டா என்பதற்கு அந்த அரசு பொறுப்பேற்கிறது. பறப்புத் தகுதி எனப்படும் இவ்வேற்பாடு பொறியியலின் ஒரு பிரிவாகவே பயிலப்பட்டாலும், அதன் அடியில் கிடப்பது ஓர் அறவியல் வினா: ஒருவரின் செயலால் இன்னொருவரின் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தில் எவ்வளவை, யாருடைய இசைவோடு அனுமதிக்கலாம் என்பதே அது. விமானப் பயணத்தின் முதல் நூறு ஆண்டுகளில் இவ்வினாவின் சுமையை விமானி அறையில் அமர்ந்திருந்தவரின் உடலே பெரும்பாலும் தாங்கியது. விமானத்துக்கு நேர்வது அவருக்கும் நேரும் என்பதால், அவர் உயிரைக் காக்கச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் கீழே வாழ்ந்தவர்களையும் சேர்த்தே காத்தன. ஏறத்தாழ 4,760 கிலோகிராம் எடையோடு புறப்படக்கூடிய ரீப்பர், 14,000 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையோடு எழும்பி 18 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் குளோபல் ஹாக் போன்ற பெரிய ராணுவ ட்ரோன்கள் வந்தபோது அந்தப் பிணைப்பு அறுந்தது. அவற்றின் விமானி தரையில், சில வேளைகளில் வேறொரு கண்டத்தில், ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். விமானம் விழுந்தால் அவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம், அது எவர்மேல் விழுந்ததோ அவருக்கு அந்த வாய்ப்பில்லை.

பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க, ஐரோப்பிய விதிகள், பேரழிவில் முடியக்கூடிய ஒவ்வொரு கோளாற்று நிலையும் நூறு கோடிப் பறப்பு மணிகளுக்கு ஒரு முறை என்ற அளவுக்கு அரிதாக இருக்கவேண்டும் என்று கோருகின்றன. பறப்பு மணி என்பது விமானம் ஒன்று பறந்த ஒரு மணி நேரம். 150 முதல் 20,000 கிலோகிராம் வரை எடையுள்ள ஆளில்லா விமானங்களுக்காக நேட்டோ நாடுகள் வகுத்துக்கொண்ட ஸ்டானாக் 4671 என்ற தரநிலை, சிறு விமானங்களுக்கான குடிமை விதிகளை அடியொற்றி எழுதப்பட்டது. அது ஏற்கும் அளவு பயணிகள் விமானத்துக்குரியதைவிடத் தளர்வானது. இந்தத் தளர்வுக்குச் சொல்லப்படும் நியாயம் எளிமையானது: விமானத்துக்குள் எவரும் இல்லை, ஆகவே விழும் வாய்ப்பை, விழும் இடத்தின் மக்கள் நெருக்கத்தாலும் சிதைவு பரவும் பரப்பாலும் பெருக்கினால் கிடைக்கும் உயிரிழப்பு எதிர்பார்ப்பே ஆபத்தின் முழு அளவு, மக்கள் நெருக்கம் குறைந்த இடத்தின்மேல் பறந்தால் அந்த எண் மிகச் சிறியதாகிவிடும்.

இந்தக் கணக்கில் பிழை இல்லை. பிழை அது விட்டுவிடுகிற ஒன்றில் இருக்கிறது. போர் விமானி தம் ஆபத்தை அறிந்து, பயிற்சி பெற்று, ஊதியம் பெற்று, வெளியேற்று இருக்கையும் பாரசூட்டும் உடன் இருக்க, அதை ஏற்றுக்கொண்டவர். கீழே ஆடு மேய்ப்பவரோ, வீட்டில் உறங்குபவரோ எதையும் ஏற்கவில்லை. அவருக்குப் பாரசூட்டும் இல்லை, பெரும்பாலும் தம் தலைக்குமேல் ஒன்று செல்கிறது என்ற அறிவுகூட இல்லை. ஏற்றுக்கொண்ட ஆபத்தையும் சுமத்தப்பட்ட ஆபத்தையும் ஒரே நாணயத்தில் எண்ணி, இரண்டு விமானிகளின் உயிர் மிச்சப்பட்டதால் தரையில் இருப்பவருக்குச் சற்றே கூடுதலான ஆபத்து தகும் என்று கழித்துக் காட்டுவது, ஒரு மனிதரை மற்றவருடைய காப்புக்கு வெறும் கருவியாக்குவதாகும்; காண்ட் முதலிய அறவியலாளர்கள் மறுத்தது இதைத்தான். அதோடு, மக்கள் நெருக்கத்தை வைத்து ஆபத்தை அளக்கும் முறை, ட்ரோன்களைப் பாலைவனத்துக்கும் எல்லைப்புறத்துக்கும் மலைக்காட்டுக்கும் தள்ளுகிறது. அங்கே மொத்த இறப்பு எதிர்பார்ப்பு குறைவு என்பது உண்மையே; ஆனால் அங்கே வாழும் தனியொருவர்மேல் கவியும் ஆபத்து குறையவில்லை, நாள்தோறும் அதே வழியில் விமானம் சென்றால் கூடவும் செய்யும். நெருக்கம் குறைந்த இடத்து உயிர் மலிவானது என்று எந்த விதியும் எழுதவில்லை. எழுதாமலேயே அந்தக் கணக்கு அதைச் செய்துவிடுகிறது. 2006 அக்டோபர் 5 அன்று, காங்கோ தேர்தலுக்குக் காவலாக ஐரோப்பிய ஒன்றியம் அனுப்பிய படையில் இருந்த பெல்ஜிய ராணுவத்தின் ஹண்டர் ட்ரோன் கின்ஷாசா நகரில் விழுந்து ஒரு பெண் இறந்தார், வேறு சிலர் காயமடைந்தனர். அவர் வாழ்ந்த நகரம் நெருக்கம் குறைந்ததும் அல்ல, அவரிடம் எவரும் இசைவு கேட்டதும் இல்லை.

பெரிய ட்ரோன் என்பது வானில் செல்லும் உடல் மட்டுமன்று. தரைக் கட்டுப்பாட்டு நிலையமும், அதற்கும் விமானத்துக்கும் இடையேயான வானொலித் தொடர்பும் அதன் உறுப்புகளே. 1999 மார்ச் 29 அன்று கலிபோர்னியாவில் சோதனைப் பறப்பில் இருந்த இரண்டாவது குளோபல் ஹாக், வேறொரு தளமான நெல்லிஸில் சோதனைக்காக ஒலிபரப்பப்பட்ட பறப்பு முடிப்புக் கட்டளையைத் தனக்கானதாக ஏற்றுத் தன்னை அழித்துக்கொண்டது. கட்டுப்பாடு இழந்த விமானம் மக்களுக்குத் தீங்கு செய்யாமல் முன்கூட்டியே விழச் செய்வதற்காக வைக்கப்பட்ட காப்புச் சாதனமே, அலைவரிசை ஒருங்கிணைப்பு இன்மையால், நல்ல நிலையில் இருந்த விமானத்தை வீழ்த்தியது.

இதைவிட ஆழமாகச் சிந்திக்க வைப்பது 2006 ஏப்ரல் 25 அன்று அரிசோனா மாநிலத்தின் நோகாலஸ் அருகே நிகழ்ந்த விபத்து. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அமைப்பு, ராணுவத்தில் ரீப்பர் என அழைக்கப்படும் அதே வகை ட்ரோனை எல்லைக் காவலுக்குப் பயன்படுத்தி வந்தது. கட்டுப்பாட்டு அறையில் இரண்டு மேசைகள்: ஒன்று விமானிக்கு, மற்றொன்று கேமரா இயக்குபவருக்கு. விமானியின் மேசைக் கணினி உறைந்துபோனது; அதற்கு முன்பும் அது பலமுறை உறைந்திருந்தது. கட்டுப்பாட்டை மற்ற மேசைக்கு மாற்றும்போது இரு மேசைகளின் நெம்புகோல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது சரிபார்ப்புப் பட்டியலில் இருந்த விதி, அது கடைப்பிடிக்கப்படவில்லை. கேமராவின் ஒளித்துளையைச் சரிசெய்யப் பயன்பட்ட நெம்புகோலே, மாற்றிய கணத்தில், எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலாக மாறியது; அது இருந்த நிலையோ எரிபொருளை நிறுத்தும் நிலை. எஞ்சின் அணைந்தது. பேட்டரியைச் சேமிப்பதற்காக விமானம் தன் மின்சாதனங்களை ஒவ்வொன்றாகத் துண்டித்தபோது, தரையில் இருக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் திரையில் அதைக் காட்டும் டிரான்ஸ்பாண்டரும் துண்டிக்கப்பட்டது. மலைகளுக்கிடையே தாழ்ந்து மறைந்த அந்த விமானம் எங்கே இருக்கிறது என்பது, அது வீடுகள் உள்ள பகுதிக்கு அருகில் விழும்வரை எவருக்கும் தெரியவில்லை. எவரும் காயமடையவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆளில்லா விமான விபத்து ஒன்றை முதன்முதலாக முழுமையாக ஆராய்ந்து, 2007இல் 22 பரிந்துரைகளை வெளியிட்டது.

இந்நிகழ்வில் எவருக்கும் தீய நோக்கம் இல்லை. செயலின் தன்மை அதன் நோக்கத்தில் அடங்கியது என்று கொள்ளும் அறவியலுக்கு இங்கே குற்றம் என ஒன்றைச் சுட்டுவது கடினம். பௌத்தம் வினையைச் சேதனை எனப்படும் மன எண்ணத்தோடு இணைத்துப் பார்த்தது அத்தகைய நிலைப்பாடு. சமணம் வேறு வழியில் சென்றது. உமாஸ்வாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம் இம்சை என்பதை வரையறுக்கும்போது, பிரமாதத்தோடு, அதாவது விழிப்பின்மையோடும் அசட்டையோடும் கூடிய செயலால் உயிரைப் போக்குவது என்று வரையறுக்கிறது. கொல்லும் எண்ணம் இல்லை என்பதால் விழிப்பின்மை குற்றமற்றதாகிவிடாது. அடியெடுத்து வைக்கும் தரையைப் பார்த்து நடப்பதே சமணத் துறவியின் முதல் ஒழுக்கங்களுள் ஒன்று. இக்கோட்பாட்டின் ஆற்றல், அது தீங்கு நேர்ந்த பிறகு மனத்தைத் துருவுவதைவிட, தீங்கு நேர்வதற்கு முன்பு கவனம் எங்கே இருந்தது என்று கேட்பதில் இருக்கிறது. நோகாலஸில் கவனம் தவறிய இடம் ஒரு விமானியின் கை மட்டுமன்று. ஒரே நெம்புகோலுக்கு ஒரு மேசையில் ஒளித்துளையையும் மற்றொன்றில் உயிர்நாடியான எரிபொருளையும் ஒப்படைத்த வடிவமைப்பில், உறைந்து உறைந்து மீண்ட கணினியோடு பறப்புகளைத் தொடர்ந்த நிர்வாகத்தில், சோதனை நிலை முதிராத முறைமையை எல்லைக் காவல் தேவையின் அவசரத்தில் ஏற்ற கொள்முதலில் என அது பலரிடம் பரவிக் கிடந்தது. பரவிய அசட்டையில் ஒவ்வொருவர் பங்கும் சிறியதாகத் தோன்றும் என்பதே அதன் ஆபத்து. சமண வரையறையோ பங்கு சிறியது என்பதற்காக எவரையும் விடுவிப்பதில்லை.

விமானியின் உடல் உள்ளே இருந்தால் மட்டும் இவ்வசட்டை நீங்கிவிடும் என்று கருதுவதற்கும் இடமில்லை. 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் வான்படையின் நிம்ராட் எக்ஸ்வி230 என்ற விமானம் தீப்பற்றி விழுந்து, அதில் இருந்த 14 பேரும் இறந்தனர். அந்த விமானம் பாதுகாப்பானது என்று நிறுவ வேண்டிய ஆவணம், முப்பது ஆண்டுகளாகப் பறப்பதால் எப்படியும் பாதுகாப்பானதுதான் என்ற முன்முடிவோடு தயாரிக்கப்பட்டதை விபத்தை ஆராய்ந்த சார்லஸ் ஹாடன்-கேவ் 2009இல் வெளியிட்ட அறிக்கை அம்பலப்படுத்தியது. அதன் விளைவாக 2010இல் பிரிட்டனில் ராணுவ வான்பயண ஆணையம் உருவானது. ஆயினும் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவை அந்தப் பதினான்கு மரணங்களே. அவர்களின் குடும்பங்கள் கேட்டன, நாடாளுமன்றம் கேட்டது, அரசு பதில் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. எவரும் சாகாமல் ஒரு ட்ரோன் விழுந்தால் இழப்புக் கணக்கில் ஒரு வரி சேர்கிறது. பத்து விழுந்தாலும் பத்து வரிகளே. துயரம் செய்துவந்த திருத்தும் வேலையை இனி ஒரு நிறுவனம், துயரத்துக்காகக் காத்திராமல், செய்தாக வேண்டும். இதுதான் ஆளில்லா விமானத்தின் பறப்புத் தகுதியில் உண்மையிலேயே புதிதாக எழுந்துள்ள கடமை.

எதிர்ப்பக்கத்தில் வலுவான ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. 2009 செப்டம்பர் 13 அன்று ஆப்கானிஸ்தானில் ரீப்பர் ஒன்று இயக்குநர்களின் கட்டளையை ஏற்காமல் எல்லையை நோக்கிப் போனபோது, எஃப்-15இ போர்விமானம் ஒன்று அதை ஏவுகணையால் தாக்கியது. பின்னர் தொடர்பு மீண்டதும் இயக்குநர்களே அதை மலையில் மோதவிட்டனர். உள்ளே ஒருவர் இருந்திருந்தால் அந்த முடிவு எவ்வளவு கொடியதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், ஆளில்லாமையின் அறவியல் நன்மை தெளிவாகும். பலியிடக்கூடிய இயந்திரம் என்ற இந்தத் தன்மையே ட்ரோனின்மீது கூடுதல் கடமையைச் சுமத்துகிறது: தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய உயிர் எதுவும் அதற்குள் இல்லாததால், எங்கே விழவேண்டும் என்பதில் அது எவரோடும் சமரசம் செய்யத் தேவையில்லை. தொடர்பு அறுந்தால் எந்த வழியில் செல்லும், எரிபொருள் தீர்ந்தால் எந்த வெற்று நிலத்தில் அல்லது கடலில் இறங்கும் என்பவை புறப்படும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க முடியும். முடியும் என்பதால் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், ஆள் இல்லாததால் தரம் தளரலாம் என்பதற்குப் பதில், ஆள் இல்லாததால் தளர்வதற்குச் சாக்கு இல்லை என்பதே முறை.

ராணுவ விமானம் அரசின் விமானம்; 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கை அத்தகைய விமானங்களைத் தன் வரம்புக்கு வெளியே விட்டு, குடிமை விமானங்களின் பாதுகாப்பை அரசுகள் கருத்தில் கொள்ளவேண்டும் என்று கோருகிறது. அதாவது சான்று கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே அரசே. அந்நிலையில் ஓர் அரசு தனக்கே மறுப்புச் சொன்ன நிகழ்வு மதிப்புக்குரியது. குளோபல் ஹாக்கிலிருந்து உருவான யூரோ ஹாக் ட்ரோனுக்குப் பொது வான்வெளியில் பறக்கும் சான்று பெறக் கூடுதலாக 50 கோடி யூரோவுக்கும் மேல் ஆகும் என்று தெரிந்தபோது, ஜெர்மனி 2013 மே மாதம் அத்திட்டத்தைக் கைவிட்டது. மற்ற விமானங்களைத் தானே கண்டு விலகிச் செல்லும் வசதி அதில் இல்லாமை பெருந்தடையாக இருந்தது. ஏற்கெனவே செலவான பெருந்தொகையை முன்னிட்டு பாதுகாப்பு அமைச்சர் தோமஸ் டி மெசியேர் கடும் கண்டனத்துக்கு உள்ளானார். கண்டனம் காலத்தாழ்வைப் பற்றியதாக இருந்தால் சரியே. கைவிட்ட முடிவைப் பற்றியதாக இருந்தால் அது தவறு, ஏனெனில் செலவான பணத்தைக் காப்பதற்காக ஐரோப்பாவின் நெருக்கமான வானில் அதைப் பறக்கவிட்டிருந்தால், அந்தப் பணத்தின் விலையை அதில் ஏறாதவர்கள் கொடுத்திருப்பார்கள்.

இதற்கு மாறாக, தொடக்கத்திலிருந்தே சான்றுக்காக வடிவமைக்கப்பட்ட எம்கியூ-9பி வகை ட்ரோன், பனிநீக்கமும் மின்னல் காப்பும் கொண்டு, 2018 ஜூலையில் அட்லாண்டிக் கடலைக் கடந்து இங்கிலாந்தின் ஃபேர்ஃபோர்டு தளத்தில் இறங்கியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு ட்ரோன்களை இந்தியக் கடற்படை 2020 நவம்பர் முதல் குத்தகைக்கு எடுத்து, அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து இயக்கியது. அவற்றுள் ஒன்று 2024 செப்டம்பர் 18 அன்று தொழில்நுட்பக் கோளாறால் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. அது கடலாக இருந்தது நல்ல முடிவின் விளைவு. அடுத்த மாதமே 31 ட்ரோன்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது, அவற்றுள் 16 தரைப்படைக்கும் வான்படைக்கும் உரியவை. அரக்கோணமோ கடற்கரை ஊர் அன்று. அங்கிருந்து எழும் ஒவ்வொரு ட்ரோனும் ராணிப்பேட்டை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் வயல்களையும் ஊர்களையும் ஒட்டியோ கடந்தோதான் கடலை அடைய முடியும். எந்தக் கோளாறு அந்த விமானத்தை இறக்கியது, அது நிலத்தின்மேல் நேர்ந்திருந்தால் எங்கே இறங்கும்படி திட்டமிடப்பட்டிருந்தது, அந்த இடத்தை எவர் எந்தக் கணக்கின்படி தேர்ந்தார் என்பவற்றை, நாட்டின் ரகசியத்துக்குக் குந்தகம் இல்லாத அளவுக்கு, அந்த ஊர்களில் வாழ்பவர்களுக்குச் சொல்வதால் கடற்படையின் வலிமை குறையப்போவதில்லை.