பச்சைப் பலகையும் மறைந்த குறையும்

அறுத்த மரம் ஈரம் வற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்பதைத் தச்சர் யாவரும் அறிவர். பச்சை மரத்தில் அதன் உலர்ந்த எடையில் பாதிக்கு மேலும் நீர் இருப்பதுண்டு. முதலில் வெளியேறுவது நுண்குழல்களில் நிற்கும் நீர். அப்போது பலகையின் எடை குறையுமேயன்றி உருவம் மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கிய பின்னரே பலகை சுருங்கத் தொடங்குகிறது. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அன்று. வளையங்களின் போக்கில் நேரும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கி நேர்வதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. வளைவும் வெடிப்பும் பிறப்பது அவ்வேளையில்தான்.

ஆகவே, கைக்கு இலேசாகிவிட்ட பலகை காய்ந்த பலகை ஆகிவிடாது. இழைத்து மெருகேற்றிவிட்டால் வாங்குவோர் கண்ணுக்கோ வேறுபாடே தெரியாது.

விற்பவர் தம் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்று 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் வினவுகிறார். ஒற்றைக்கண் குதிரையின் குறை வெளிப்படையானது. விலையை அதற்கேற்பக் குறைத்தால் போதும். மறைந்திருந்து இழப்போ ஆபத்தோ விளைக்கும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் முடிவு. ஈரப் பலகையின் குறை இரண்டாம் வகை என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் தச்சரை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியுமா? பலகைகளைத் தரையிலிருந்து உயர்த்தி, இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர்களை நேருக்கு நேராக வைத்து அடுக்கி, முனைகளில் மெழுகோ வண்ணமோ பூசி, வெயிலும் மழையும் படாமல் காற்று மட்டும் ஊடாடுமாறு காக்க வேண்டும். ஓரங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது மேனாட்டுத் தச்சரின் பழங்கணக்கு. நம் வெப்பத்தில் காலம் குறையலாம். எனினும் கனத்த மரத்திற்குப் பல மாதங்கள் வேண்டும். அத்தனை மாதமும் மரம் வாங்கிய பணம் அடுக்கிலேயே முடங்கிக் கிடக்கும். வட்டிக்குக் கடன் வாங்கி மரம் எடுப்பவர் எத்தனை நாள் பொறுப்பார்? "அடுத்த மாதம் திருமணம், கட்டில் வேண்டும்" என்று அவர் முன் போய் நிற்பவர்களும் நாமே. தோமாவின் குதிரை சந்தைக்கு வரும்போதே ஒற்றைக்கண்ணோடு வந்தது. கட்டிலின் குறையோ நம் அவசரத்தாலும் உண்டாகிறது.

"ஈரம் இருக்கிறது ஐயா" என்று தச்சர் சொல்லியும், "பரவாயில்லை, செய்யுங்கள்" என்போமாயின், அவர் கடமை முடிந்தது. ஆனால் சட்டம் விலகும் நாளில் அக்கட்டிலில் படுத்திருப்போர் மணமக்கள்; ஒப்புக்கொண்டோர் பெற்றோர்.

வீட்டுப் பலாவையோ அயனியையோ அறுத்து, மணப்பேச்சு தொடங்குமுன்பே பலகையாக அடுக்கிவைத்த பெரியோர் குமரிப் பகுதியில் இருந்தனர். இன்று மரமும் முற்றமும் இல்லாதோர், மரத்தின் விலையையாவது முன்கூட்டியே தச்சரிடம் கொடுத்து வைக்கலாம். அடுக்கிலிருந்து ஒரு பலகையை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பின் வேலையைத் தொடங்குமாறு கேட்கலாம்.