இரண்டு கடனாளிகள்

சீடன்: குருவே, லூக்கா நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், பரிசேயனாகிய சீமோன் வீட்டுப் பந்தியைப் பற்றிய பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். 47ஆம் வசனத்துக்கு வரும்போதெல்லாம் தடுக்கி நிற்கிறேன். அந்தப் பந்தியில் இயேசுவின் பாதங்களருகே அழுத பெண் மிகுதியாய் அன்புகூர்ந்ததால்தான் அவளுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று அங்கே சொல்வதுபோல் தோன்றுகிறது. அப்படியானால் அன்பைக் கொடுத்துத்தான் மன்னிப்பை வாங்க வேண்டுமா?

குரு: அந்த ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் அப்படித்தான் தோன்றும். அதற்குச் சற்று முன்னால் ஆண்டவர் ஓர் உவமை சொன்னாரே, அதைச் சொல்.

சீடன்: ஒருவரிடம் இரண்டு பேர் கடன்பட்டிருந்தார்கள். ஒருவனுடைய கடன் 500 வெள்ளிக்காசு, மற்றவனுடையது 50. திருப்பிக் கொடுக்க இருவருக்கும் வழியில்லை. கடன் கொடுத்தவர் இருவரையும் மன்னித்துவிட்டார். இவர்களில் யார் அவரிடம் அதிக அன்பாயிருப்பான் என்று இயேசு கேட்கிறார். எவனுக்கு அதிகம் மன்னித்தாரோ அவன்தான் என்கிறான் சீமோன்.

குரு: உவமையில் எது முந்தி நடந்தது?

சீடன்: மன்னிப்பு. அன்பு அதற்குப் பிறகுதான். என் குழப்பமே அதுதான். உவமை ஒன்று சொல்கிறது, வசனம் வேறொன்று சொல்கிறது.

குரு: இரண்டையும் சொன்னவர் ஒருவரே. சில நிமிட இடைவெளியில் அவர் தம்மை மறுத்துப் பேசியிருப்பாரா? காலையில் எழுந்து பார்க்கிறோம். முற்றம் நனைந்திருக்கிறது, அதனால் இரவு மழை பெய்திருக்கிறது என்கிறோம். முற்றம் நனைந்ததுதான் மழையை வரவழைத்தது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆண்டவர் பேசுவதும் அப்படித்தான். இவளுடைய அன்பைப் பார், இவள் எவ்வளவு மன்னிக்கப்பட்டவள் என்பது விளங்கும் என்று சீமோனுக்குக் காட்டுகிறார். அதே வசனத்தின் பிற்பாதியையும் கவனி. கொஞ்சம் மன்னிக்கப்பட்டவன் கொஞ்சமாகவே அன்புகூருவான் என்கிறார். அங்கேயும் மன்னிப்பு முன்னால், அன்பு பின்னால்.

சீடன்: ஆனால் மன்னிக்கப்பட்டாய் என்று அவளிடம் அவர் சொல்வது அதற்கும் பிறகு, 48ஆம் வசனத்தில்தானே? அவள் அழுததும் தைலம் பூசியதும் அதற்கு முன்பே நடந்துவிட்டனவே.

குரு: அவள் வந்த விதத்தைப் பார். அந்தக் காலத்து விருந்தில் இடப்பக்கமாய்ச் சாய்ந்து, கால்களைப் பின்னால் நீட்டிச் சாப்பிடுவார்கள். அதனால்தான் அவள் அவருக்குப் பின்னே, பாதங்களின் அருகே நிற்க முடிந்தது. வெறுங்கையோடு வரவில்லை, பரிமளதைலம் நிறைந்த வெள்ளைக்கல் பரணியோடு வந்தாள். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, எதையும் கேட்கவில்லை. இயேசு பாவிகளுக்குச் சிநேகிதன் என்று ஊரார் இழிவாய்ப் பேசியதை லூக்கா இதற்குச் சற்று முன்புதான், 34ஆம் வசனத்தில் எழுதியிருக்கிறார். பிறருக்கு வசையாயிருந்த அந்தச் சொல்லே அவளுக்கு நற்செய்தியாயிற்று என்று நினைக்கிறேன். அதை நம்பித்தான் வந்தாள். பந்தியிலிருந்தவர்கள் அவளை இன்னமும் பாவியாகவே பார்த்ததால், அவர்கள் காதில் விழும்படி ஆண்டவர் மன்னிப்பை அறிவித்தார். கடைசியில் எது அவளை இரட்சித்தது என்கிறார்?

சீடன்: அவளுடைய விசுவாசம்.

குரு: ஆம். விசுவாசம் பெற்றுக்கொள்ள நீளும் வெறுங்கை. அன்பு, பெற்றுக்கொண்ட கை செய்யும் வேலை.

சீடன்: இந்த வசனத்தை வைத்துச் சபைகளுக்குள்ளேயே வாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

குரு: 16ஆம் நூற்றாண்டில் நடந்தது. லுத்தரன் சபையினரின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கைக்கு ஆதரவாக அவர்களுடைய இறையியலாளர் மெலாங்க்தோன் 1531இல் வெளியிட்ட நூலில் இந்தப் பகுதியை எடுத்துப் பேசுகிறார். அன்பு மன்னிப்பை ஈட்டித் தருவதில்லை என்பது அவர் வாதம். கத்தோலிக்கத் தரப்பிலோ அவளுடைய அன்பில் உண்மையான மனஸ்தாபத்தைக் கண்டார்கள். ஆனாலும் 1547இல் அவர்களுடைய திரிதெந்து சங்கம், நீதிமானாக்கப்படும் கிருபையை அதற்கு முந்திய எந்தச் செயலாலும் மனிதன் ஈட்ட முடியாது என்றே அறிவித்தது. எத்தனையோ விஷயங்களில் பிரிந்துபோனவர்கள் இந்த ஒன்றில் சேர்ந்து நிற்கிறார்கள்: முதலில் அசைவது தேவனுடைய இருதயம்.

சீடன்: அது விளங்குகிறது. இப்போது பாவத்தைப் பற்றிக் கேட்கிறேன். அவள் செய்த பாவம் என்ன?

குரு: லூக்கா சொல்லவில்லை. அந்த ஊரிலிருந்த பாவி என்பதோடு நிறுத்திவிடுகிறார். அவளுக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை. மகதலேனா மரியாளை அடுத்த அதிகாரத்தில்தான், புதிதாக அறிமுகம் செய்வதுபோல் கொண்டுவருகிறார். இருந்தும் 591இல் போப் முதலாம் கிரகோரி தம் பிரசங்கத்தில் இருவரையும் ஒருவராக்கிப் பேசினார். மேற்கத்தியத் திருச்சபையில் அந்த எண்ணம் நூற்றாண்டுக்கணக்கில் நிலைத்துவிட்டது. கிழக்கத்தியத் திருச்சபை இருவரையும் வேறு வேறாகவே வைத்திருந்தது. வேதம் மூடி வைத்த ஒரு பெண்ணின் பாவத்துக்குப் பெயரும் முகவரியும் தேட நமக்கு எவ்வளவு ஆவல், பார்த்தாயா?

சீடன்: ஆண்டவரும் அவள் பாவங்களைப் பட்டியலிடவில்லையே.

குரு: திரளானவை என்றார், அவ்வளவுதான். ஆனால் பந்தியில் ஒரு பட்டியல் வாசிக்கப்பட்டது. யாருடையது?

சீடன்: சீமோனுடையது! கால்களுக்குத் தண்ணீர் தரவில்லை, முத்தமிடவில்லை, தலையில் எண்ணெய் பூசவில்லை.

குரு: இந்த மூன்றில் நியாயப்பிரமாணத்தை மீறிய குற்றம் ஏதாவது உண்டா?

சீடன்: இல்லை. செய்யத் தவறிய உபசாரங்கள்தான்.

குரு: மம்ரேயில் முன்பின் தெரியாத மூன்று பேர் வந்து நின்றபோது, ஆபிரகாம் முதலில் கால் கழுவத் தண்ணீரைத்தான் பேசினார். அவருடைய பிள்ளை என்று பெருமை கொள்ளும் சீமோன், தானே அழைத்த விருந்தாளிக்கு அதைக்கூடத் தரவில்லை. ஆண்டவர் பாவத்தைக் கடன் என்று காட்டியதன் ஆழம் இங்கேதான் தெரிகிறது. கடனாளி எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை; கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலிருந்தாலே போதும். முழு இருதயத்தோடும் தேவனில் அன்புகூருவதுதான் நாம் அவருக்குப் பட்டிருக்கும் கடன். செய்யாதே என்பதை மீறினோமா என்று மட்டும் கணக்குப் பார்ப்பவனுக்குத் தன் பாவத்தில் பாதிதான் கண்ணில் படும். சீமோனுக்கு அந்தப் பாதியும் படவில்லை.

சீடன்: அப்படியானால் 50 காசுக் கடனாளி சீமோன்தானா? உண்மையாகவே அவன் கடன் குறைவா, அல்லது குறைவென்று நினைத்துக்கொண்டானா?

குரு: திராட்சத்தோட்ட உவமையில் ஒரு காசு ஒரு நாள் கூலி. அப்படிப் பார்த்தால் 50 காசு ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு, 500 காசு ஒன்றரை ஆண்டுக்கு மேல். தொகையில் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கையில் ஒன்றுமில்லாதவனுக்கு 50 ஆனாலென்ன, 500 ஆனாலென்ன? இருவரும் ஓட்டாண்டிகள். ஒருவனுக்கு அது தெரியும், மற்றவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

சீடன்: ஒரு சந்தேகம், கேட்கவே தயக்கமாயிருக்கிறது. அதிகம் மன்னிக்கப்பட்டவன்தான் அதிகமாய் அன்புகூருவான் என்றால், சிறு வயது முதல் ஆலயத்தில் வளர்ந்து, பெரிய தவறு எதிலும் விழாதவன் என்ன செய்வான்? அவன் அன்பு என்றும் குறைவாகவே இருக்க வேண்டுமா?

குரு: தயங்காதே. இதே கேள்வியை ஹிப்போவின் ஆயராயிருந்த அகஸ்டின் இந்தப் பகுதியை விளக்கிய பிரசங்கத்தில் தாமே எழுப்பிக்கொண்டார். நீ செய்யாத பாவங்களையும் உனக்கு மன்னிக்கப்பட்டவையாகவே எண்ணு என்பது அவர் தந்த பதிலின் சாரம். ஒரு மனிதன் செய்த எந்தப் பாவத்தையும் இன்னொரு மனிதனும் செய்யக்கூடியவனே. சந்தர்ப்பம் வாய்க்காமல் போயிருக்கலாம், தூண்டிவிடும் ஆள் இல்லாதிருக்கலாம், எல்லாம் கூடிவந்த வேளையில் உள்ளே ஒரு பயம் தடுத்திருக்கலாம். இவற்றையெல்லாம் ஏற்பாடு செய்தது யார்? விழுந்தவனைத் தூக்கிய கையும் விழாமல் தாங்கிய கையும் ஒன்றே. தாங்கப்பட்டவன் அதை உணர்ந்தால், தூக்கப்பட்டவனுக்குக் குறையாமல் அன்புகூருவான். உணராவிட்டால் தாங்கிய கையைத் தன் கால்பலம் என்று எண்ணி, விழுந்தவர்களைக் கண்டு முகம் சுளிப்பான். சீமோன் செய்தது அதுதான்.

சீடன்: இன்னும் ஒன்று. உவமையில் இருவரையும் மன்னித்தார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த 550 காசு எங்கே போயிற்று?

குரு: நல்ல கேள்வி. கடன் காற்றில் கரைவதில்லை. கொடுத்தவர் அந்த நட்டத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார். மன்னிப்பு என்றாலே அதுதான். இப்போது பந்தியைக் கவனி. உவமையில் கடன் கொடுத்தவர் தேவன் என்றால், மன்னிக்கப்பட்டவளின் அன்பு யாரிடம் சேர வேண்டும்?

சீடன்: தேவனிடம். ஆனால் அவள் கண்ணீர் விழுந்தது இயேசுவின் பாதங்களில்.

குரு: அவரும் அதைத் தடுக்கவில்லை. கடன் கொடுத்தவருக்கு உரிய அன்பைத் தமக்கு உரியதாகவே ஏற்றுக்கொண்டார். பாவங்களை மன்னிக்கிற இவன் யார் என்று பந்தியிலிருந்தவர்கள் எழுப்பிய கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது. நட்டத்தை ஏற்றவரே அந்தப் பந்தியில் சாய்ந்திருந்தார். அதை முழுவதும் செலுத்தச் சிலுவை வரை போனார். தேவ அன்பு என்று நாம் சொல்வது கண்டும் காணாமல் விடுவதை அல்ல. பாவத்தின் கனத்தை முழுவதும் அறிந்து, அதைத் தம்மேல் சுமந்துகொள்வதைத்தான்.

சீடன்: அப்படியானால் நான் செய்ய வேண்டியது என்ன?

குரு: இரவில் உன்னை நீயே சோதிக்கும்போது, இன்று என்ன தவறு செய்தேன் என்பதோடு, யாருக்கு எதைக் கொடுக்காமல் விட்டேன் என்றும் கேள். கடன் பெரியதென்று தெரிய வரும். கலங்காதே, அது மன்னிக்கப்பட்ட கடன். பிறகு சீமோனிடம் ஆண்டவர் கேட்டதை உனக்கே கேட்டுக்கொள். அவர் அவள் பக்கம் திரும்பியபடியே அவனிடம், இவளைப் பார்க்கிறாயா என்றார். அவனோ அதுவரை அவளைப் பற்றிய பேச்சைத்தான் அறிந்திருந்தான், அவளைப் பார்க்கவில்லை.

சீடன்: அவளைச் சமாதானத்தோடே போகச் சொல்லி அனுப்பினாரே. எங்கே போயிருப்பாள்?

குரு: வேறெங்கே? அவளைப் பாவி என்றே அழைத்த அதே ஊருக்குத்தான். ஆண்டவர் சமாதானத்தைக் கொடுத்தார். தெருவில் அவள் அதோடு நடமாட வேண்டுமானால், அவளைச் சகோதரி என்று அழைத்து ஏற்றுக்கொள்ள ஒரு வீடாவது வேண்டும். கடன் மன்னிக்கப்பட்டவர்கள் சேர்ந்து அமைக்கும் அந்த வீட்டுக்குத்தான் சபை என்று பெயர். உன் சபையில் அப்படி ஒருத்திக்கு, ஒருவனுக்கு இடமில்லையென்றால், நீ எழுந்து உன் இடத்தைக் கொடு.