பாதியில் திரும்பியவர்கள்

தென்னங்கன்று வைக்கிறவன் கன்றைக் கேட்டுக்கொண்டு வைப்பதில்லை. குழி வெட்டி, மண்ணும் எருவும் போட்டு, தனக்குச் சரி என்று தோன்றிய இடத்தில் நட்டுவிடுகிறான். அதில் பாவம் ஒன்றும் இல்லை. எங்கே நட்டாலும் தென்னை தென்னையாகத்தான் வளரப்போகிறது. குழந்தையின் சங்கதி அப்படியல்ல. எந்த இடத்தில் நடுகிறோமோ, அதைப் பொறுத்து அது என்னவாகும் என்பதே மாறிவிடுகிறது. ஆனாலும் குழந்தையையும் நாம் கேட்டுக்கொண்டு நடுவதில்லை.

இது நியாயமா என்ற கேள்வி பழைய கேள்விதான். எனக்கு இது புதிதாக முளைத்ததற்குக் காரணம் பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர் ஒருவர். தோப்புக்காரர். அவருடைய மகளுக்குப் பதின்மூன்று வயது. கிதார் வாசிக்கிறாள். பொழுதுபோக்காக வாசிக்கிறவள் அல்ல. சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வராத அளவுக்கு வாசிக்கிறவள். சங்கீதம், நாட்டியம், நாடகம் இவற்றோடு பள்ளிப் படிப்பையும் சேர்த்துச் சொல்லித் தரும் உறைவிடப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் இரண்டு கட்சி. அம்மா வேண்டாம் என்கிறாள். அப்பாவுக்கு ஆசையும் பயமும் பாதிப்பாதி.

"ஏனுங்க, நீங்க நாலும் தெரிஞ்சவங்க. அங்க கொண்டுபோய் உட்டா அம்மிணி பெரிய ஆளா வந்துருவாளுங்களா?" என்று கேட்டார்.

"வராமல் போனால்?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்வியைக் காட்டிலும் அந்த மௌனந்தான் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது.

சிறு வயதில் தொடங்க வேண்டும் என்பவர்கள் பக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கிதாரில் ஆறு தந்திகள். இடக்கை விரல் நுனியால் தந்தியைப் பலகையோடு சேர்த்து அழுத்த வேண்டும். முதல் சில வாரங்கள் நுனி எரியும். பிறகு தோல் தடித்துக் காய்ப்பு விழும். காய்த்த பிறகுதான் நாதம் சுத்தமாக வரத் தொடங்கும். மேல்நாட்டுச் சாஸ்திரீய முறையில் வாசிப்பவர்கள் வலக்கை நகங்களை வளர்த்து, அராவி, வழவழப்பாக்கி, அவற்றை ஒரு சொத்தைப்போலக் காப்பாற்றுவார்கள். பெரியவர்களின் கிதாரில் தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டர். சின்னக் கைக்கு அது எட்டாது என்று குழந்தைகளுக்குச் சிறிய கிதார்களும் செய்கிறார்கள். இளம் விரல் வளைகிற மாதிரி முதிர்ந்த விரல் வளையாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் பெரியவர்கள் கேட்டதும் இதைத்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1943-ல் பிறந்த இளையராஜா பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதத்தை முறையாகக் கற்க உட்கார்ந்தபோது அவருக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. சாஸ்திரீய கிதாரைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்திய ஸ்பெயின் தேசத்து ஆந்த்ரே செகோவியாவோ (1893–1987) பெரும்பாலும் தமக்குத் தாமே ஆசிரியராக இருந்து கற்றவர். சின்ன வயதில் தொடங்கவே வேண்டாம் என்பதற்கு இவர்கள் சாட்சி அல்ல. ஆனால், பதின்மூன்றில் அனுப்பாவிட்டால் கதவு அடைந்தே போகும் என்று பெற்றோரை அவசரப்படுத்துகிறவர்களுக்கு இவர்கள் நல்ல பதில்.

குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து ஓரிடத்தில் தங்கவைத்துக் கலையைப் பழக்குவது நமக்கு அந்நிய நாட்டிலிருந்து வந்த புதுமை அன்று. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இன்டர்லாக்கனில் 1962-ல் இத்தகைய உயர்நிலைப் பள்ளி ஒன்று தொடங்கினார்கள். மறு ஆண்டே இங்கிலாந்தில் யெஹுதி மெனூகின் தம் பெயரால் ஒன்று தொடங்கினார். அவற்றுக்கெல்லாம் முன்பே நம்மிடம் பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தினார். டி. கே. சண்முகம் சகோதரர்கள் அதில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு ஆறு வயது. எம்.ஜி.ஆர். தம் அண்ணனோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்ததும் ஏறக்குறைய அந்த வயதில்தான். அவரைச் சேர்த்தது கலை ஆர்வமன்று, வீட்டு வறுமை. நீலகிரியில் படித்துக்கொண்டிருந்த எம். என். நம்பியார் பதின்மூன்று வயதில் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனிக்குப் போனார். சிவாஜி கணேசனின் கதையோ நேர்மாறானது. அந்தச் சிறுவன் பெற்றோரை விட்டுவிட்டு, தான் அநாதை என்று சொல்லிக் கம்பெனியில் சேர்ந்தான். ஆக, குழந்தையைக் கேட்காமல் நட்டதும் உண்டு. குழந்தை தானே ஓடிப்போய் நட்டுக்கொண்டதும் உண்டு.

கம்பெனி வீட்டில் சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, பாட்டும் பாடமும் உண்டு, பிரம்பும் உண்டு. ஆனால் எல்லாப் பையன்கள் தலைமேலும் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மகரக்கட்டு என்று பெயர். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். நேற்றுவரை மேல் ஸ்தாயியில் சஞ்சரித்த பையன் இன்று வாயைத் திறந்தால் தகரத்தைத் தேய்க்கிற சத்தம் வரும். சிலருக்குக் குரல் திரும்பி வரும், சிலருக்கு வராது. நடிப்பில் தேறியவன் வேறு வேஷத்துக்கு மாறுவான். மற்றவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவான். அப்படித் திரும்பியவர்களின் பெயர்களை நாடக சரித்திரம் எழுதி வைக்கவில்லை.

அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது பவானியில் ஜமுக்காளத் தறி நெய்துகொண்டிருந்த கிழவர். நாலு வருஷம் ஒரு கம்பெனியில் ஸ்திரீபார்ட் போட்டவர். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமல்ல. குரல் உடைந்ததும் ரயில் சார்ஜைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கம்பெனியில் நாடகப் பாடத்தைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகையால் ஒரு மனுவைக்கூட அவரால் சொந்தமாக எழுத முடியாது. ஆனால் மார்கழி பஜனையில் யாராவது சுருதி தப்பினால் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்துத் திருத்துவார்.

அவரிடம் ஒருநாள், "கம்பெனிக்காரங்க மேலே உங்களுக்குக் கோபம் இல்லீங்களா, தாத்தா?" என்று கேட்டேன்.

"கோவமென்ன கண்ணு? சோறு போட்டாங்க, பாட்டுச் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா ஒண்ணு. கொரலு ஒடையும்னு வாத்தியாருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

என் நண்பரின் பிரச்னையை யோசிக்க யோசிக்க இந்த வார்த்தைகள்தாம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. பாட்டுச் சொல்லிக் கொடுத்தது அநியாயமில்லை. பிரம்பால் அடித்ததைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. ஆசிரியருக்குத் தெரிந்த ஓர் உண்மை மாணவனுக்குத் தெரியாமல் இருந்தது, அதுதான் அநியாயம். நூறு பையன்களில் எத்தனை பேர் மேடையில் நிலைப்பார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். கிதார்ப் பள்ளிக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர்: பிள்ளை, பிள்ளையைப் பெற்றவர்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனால் பாரதப்புழைக் கரையில் செறுதுருத்தி என்ற ஊர் வரும். 1930-ல் மகாகவி வள்ளத்தோள் தொடங்கிய கேரள கலாமண்டலம் இருப்பது அங்கேதான். கதகளி கற்கும் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து கண்களைச் சுழற்றிப் பழகுவார்கள். மழைக்காலத்தில் உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு, ஆசான் காலால் மிதித்து உழிய, உடம்பை வளைப்பார்கள். கடுமையில் அது எந்தப் பாய்ஸ் கம்பெனிக்கும் குறைந்ததல்ல. ஆனால் இன்று எட்டாம் வகுப்பில் சேருகிற பிள்ளை அங்கே செண்டையோ மத்தளமோ கதகளியோ கற்றுக்கொண்டே பள்ளிப் பாடமும் படிக்கிறது. நாளைக்கு வேஷம் கைவிட்டாலும் எழுத்து கைவிடாது. பவானித் தறிக்காரருக்குக் கிடைக்காமல் போனது இந்த இன்னொரு வாசல்தான்.

இன்னொரு வாசலின் அருமைக்கு ஜெர்மானிய ஷூமனைச் சொல்லலாம். பெரிய பியானோ வித்துவானாக வேண்டும் என்று இரவு பகலாக உழைத்தவர். 1830-களின் தொடக்கத்தில் வலக்கை விரலொன்று செயலிழந்தது. கச்சேரி ஆசை அதோடு முடிந்தது. ஆனால் அவர் விரல்களை மட்டும் பழக்கியவர் அல்ல. இலக்கியம் படித்தவர், ஸ்வரங்களை எழுதக் கற்றவர். ஆகவே வாசிக்க முடியாமல் போனவர், மற்றவர்கள் இன்றும் வாசிக்கும்படியான உருப்படிகளை எழுதினார். எல்லோரும் ஷூமன் ஆக முடியாது. ஆனால் ஒரு விரல் போனால் முழு மனிதனும் போய்விடாதபடி ஒரு பிள்ளையை வளர்க்க எந்தப் பள்ளியாலும் முடியும்.

இங்கே என் வாசகர்களில் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். "இவ்வளவு சந்தேகம் இருக்கிற கலை எதற்கு? பேசாமல் படிக்க வைத்துவிட்டால் தீர்ந்தது" என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நம் கொங்கு நாட்டிலேயே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் எத்தனை உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுப்பிப் படிக்கவைத்து, இரவு வெகுநேரம் கழித்துப் படுக்க அனுப்பி, ஒரு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையைப் பிழிகிற இடங்கள் அவற்றில் இல்லையா? பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளை நாம் அறியாதவர்களா? 2017-ல் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு வந்தது. அதுவரை மனப்பாடம் செய்த பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். அங்கேயும் வாசலில் ஜெயித்தவர்களின் படங்கள்தாம் தொங்குகின்றன. கிதாருக்கு அனுப்புகிற தகப்பனை நிறுத்தி வைத்து ஆயிரம் கேள்வி கேட்கிற ஊர், அந்த விடுதிக்கு டிரங்குப் பெட்டியோடு போகிற தகப்பனை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இரண்டு பேரும் குழந்தையைக் கேட்காமல் நடுகிறவர்கள்தாம். ஒருவருக்கு ஊர் துணை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பதின்மூன்று வயதுப் பிள்ளையின் சம்மதம் முழுச் சம்மதமாகாது. அதற்குக் கிதார் தெரியும். தன் முப்பதாவது வயது தெரியாது. அதற்காக அது கேட்பதை ஒதுக்கிவிடுவதும் தகாது. சாப்பாட்டை மறந்து வாசிக்கிற பிள்ளையின் விருப்பத்தைச் சின்னப் பிள்ளையின் அடம் என்று சொல்லித் தள்ளுவது ஒருவிதக் குருட்டுத்தனம். ஆகவே பெரியவர்கள் அதன் சார்பில் முடிவு செய்யத்தான் வேண்டும். அந்த முடிவு நியாயமானதா என்பதை அறிய எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றுகிறது. இருபது வருஷம் கழித்து, ஜெயிக்காமல் போன அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்து, "எனக்கு இதைச் செய்தது சரிதான்" என்று சொல்லுமா? ஜெயித்த பிள்ளையின் நன்றியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஜெயித்தவன் பிரம்படியைக்கூட ஆசீர்வாதம் என்பான்.

நண்பர் மறுபடி வந்தபோது அவரிடம் இதைத்தான் சொன்னேன். "பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு ஜெயித்தவர்களின் படங்களைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, பாதியில் திரும்பியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் பெயர் ஆசிரியர்களுக்கு நினைவிருந்தால், என்ன செய்கிறார்கள் என்று சொல்ல முடிந்தால், தைரியமாகச் சேருங்கள். முழித்தால் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொன்று: நிலைக்கிறவர்கள் சிலர்தான் என்பதை அம்மிணிக்கு இன்றைக்கே சொல்லுங்கள். கேட்ட பிறகும் அவள் கிதாரைக் கீழே வைக்கவில்லையென்றால், அப்புறம் நீங்கள் தடுக்கலாகாது."

"சின்னப் புள்ளைகிட்டப் போயி அதையெல்லாம் சொல்றதுங்களா?" என்றார் அவர், சங்கடத்தோடு.

சொல்லத்தான் வேண்டும். உண்மையைத் தாங்க முடியாத வயது என்று நாம் நினைக்கிற வயதில்தானே தினம் நாலு மணி நேரம் தந்தியில் விரலை அழுத்து என்கிறோம்? வலியைத் தாங்கும் பிள்ளை வார்த்தையையும் தாங்கும். பயிற்சி என்பது பிள்ளையிடமிருந்து காலத்தைக் கடன் வாங்குவது. திருப்பிக் கொடுக்க முடியாமல் போகலாம் என்று சொல்லாமல் கடன் வாங்குகிறவனை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மேடையில் உட்காருகிறவர் ஒருவர் என்றால், எதிரே உட்கார்ந்து கேட்பவர்கள் பல பேர். அவர்களில் எங்கே ஸ்வரம் பிசகிற்று, எங்கே கூடிற்று என்று அறிந்து தலையசைக்கிறவர்கள் யார்? பெரும்பாலும் ஒரு காலத்தில் தாங்களும் கற்று, ஏதோ ஓரிடத்தில் நின்றுபோனவர்கள்தாம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக்குக் கிதார் வாசிக்கிறவர், கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் குழுவோடு வாசித்துவிட்டு மறுநாள் கணக்கு எழுதப் போகிறவர், தெருப்பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக் கொடுக்கிறவர் இவர்களெல்லாம் தோற்றவர்கள் அல்லர். முன்கூட்டியே உண்மையைச் சொல்லி, வேறொரு வாசலையும் திறந்து வைத்து அவர்களை அனுப்பியிருந்தால், கலை தங்கி வாழ்கிற இடம் அவர்கள்தாம். சொல்லாமல் அனுப்பியிருந்தால் அவர்கள் பெட்டியைத் திறந்து கிதாரைத் தொடவே மாட்டார்கள். ஒரு பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள, அங்கே படித்துப் பாதியில் திரும்பியவர் ஒருவரின் வீட்டுக்குப் போய், அந்தப் பெட்டியின்மேல் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.