தேவையை வகுப்பவர் யார்? வடிவமைப்பின் அறம் பற்றி ஒரு நோக்கு

ஒரு பொருள் செய்யப்படுவதற்கு முன்னரே அதுபற்றிய முடிவுகள் பல எடுக்கப்பட்டுவிடுகின்றன. அது எதனாற் செய்யப்படும், எவர் கைக்கு அமையும், எத்தனை காலம் உழைக்கும், பழுதடைந்தால் திருத்த இயலுமா, பயன் முடிந்தபின் எங்கே போய்ச் சேரும் என்பன அம்முடிவுகளுட் சில. இவற்றை எடுக்கும் செயலையே வடிவமைப்பு என்கிறோம். பேச்சு வழக்கில் இச்சொல் அழகூட்டுதல் என்னும் குறுகிய பொருளிற் பயின்று வருகின்றது. அழகு வடிவமைப்பின் ஒரு கூறேயன்றி முழுமையன்று.

நுகர்வுப் பொருளாதாரத்தில் வடிவமைப்பும் ஆக்கச் சிந்தனையும் இன்றியமையாதன என்பதை இன்று மறுப்பார் இலர். அதற்கு வணிகத் துறையினர் கூறும் காரணம் யாவரும் அறிந்ததே. ஒன்றையொன்று ஒத்த பண்டங்கள் மலிந்துள்ள சந்தையில் ஒரு பண்டத்தை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டுவது அதன் வடிவம்; ஆகவே வடிவமைப்பு விற்பனையைப் பெருக்கும் என்பர். இக்கூற்றிற் பொய்யில்லை, ஆயின் இது பாதி உண்மையே. வடிவமைப்பு முதன்மை பெறுவதற்கு இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. மனிதருக்கு எது தேவை, அத்தேவை யாருடையது என்பவற்றை வகுக்கும் அதிகாரம் அதனிடம் தங்கியிருக்கின்றது. அவ்வாறாயின் வடிவமைப்பு பொருளியற் பிரச்சினையாக மட்டும் அமையாது, ஓர் அறப் பிரச்சினையாகவும் ஆகின்றது. இதனை ஆராய்வதற்குப் பெருநகரத்தைவிடச் சிறு தீவொன்று பொருத்தமான களமாகும். தேவைகளும் பற்றாக்குறைகளும் அங்கே மறைவின்றித் தெரியும். யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள புங்குடுதீவை அத்தகைய களமாகக் கொண்டு நோக்குவோம்.

வேலணையோடு தாம்போதியால் இணைக்கப்பட்டிருக்கும் இத்தீவின் மேற்கு முனையிலே குறிகட்டுவான் இறங்குதுறை இருக்கின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் இங்கிருந்தே படகேறுவர். ஆறில்லாத, நன்னீர் அரிதான இம்மண்ணில் வாழ்வுக்குத் துணைநின்றது பனை. அதன் ஓலையால் இழைக்கப்பட்ட பொருள்களை வெறும் கைப்பணிப் பொருள்களாகக் கருதுவது தவறு. மண்ணும் கிழங்கும் சுமக்கும் கடகத்துக்கு இரட்டைப் பின்னலும் நார் கட்டிய விளிம்பும் வேண்டும். வெற்றிலையும் சில்லறையும் வைத்து மடியிற் செருகும் கொட்டைப்பெட்டிக்குச் சிறுமையும் மென்மையும் வேண்டும். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியோ இவற்றினும் நுட்பமானது. அதன் கூம்பு வடிவம் பானையின் வாயிற் பொருந்தி நிற்கும். பின்னலின் இடைவெளியூடாக ஆவி மேலேறும். ஓலை ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் மா குழையாது வேகும். பொருளின் இயல்பு, பயன், பயன்படுத்துபவரின் கை ஆகிய மூன்றையும் அறிந்த ஓர் அறிவு அதிற் படிந்திருக்கின்றது.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின்பேரில் 1958ஆம் ஆண்டு ஓர் அறிக்கை எழுதினர். தாம் இந்தியாவிற் கண்ட பொருள்களுள் அவர்கள் பெரிதும் வியந்து போற்றியது சாதாரண நீர்ச்செம்பையே. தனியொருவரால் ஆக்கப்படாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டுத் திருந்திய வடிவம் அது என்பதே அவர்களின் வியப்புக்குக் காரணம். அவ்வறிக்கையின் விளைவாக அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் தோன்றியது. செம்புக்குக் கூறியது நீத்துப்பெட்டிக்கும் பொருந்தும். செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே ஊரில் வாழ்ந்தமையால், குறை சொல்லும் வாய்க்கும் குறை தீர்க்கும் கைக்கும் இடையே தூரம் இருக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. பழமையைப் போற்றும் ஆர்வத்தில் உண்மையை மறத்தலாகாது. ஓலை வார்ந்து, காயவைத்து, இழைத்த பெண்ணின் உழைப்புக்கு உரிய விலை என்றும் கிடைத்ததில்லை. கடகம் தண்ணீரைத் தாங்காது. மழையில் நனைந்தால் நாளடைவில் இற்றுப்போகும். பிளாஸ்ரிக் வாளியும் கூடையும் வந்தபோது மக்கள் அவற்றை விரும்பி ஏற்றமை மதிமயக்கத்தால் அன்று. அவை பாரம் குறைந்தவை, மலிவானவை, கழுவ எளியவை. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையைத் தொடர்ந்து இறக்குமதிப் பண்டங்கள் நாடெங்கும் பெருகியபோது இம்மாற்றம் விரைவுபட்டது. ஆகவே, கடகத்தை மீண்டும் தலையில் ஏற்றுவது நமது வினாவுக்கு விடையாகாது. கடகம் தன் காலத்துப் பிரச்சினைக்குச் சரியான விடையாக இருந்தது. நம் காலத்துப் பிரச்சினைக்கு யார் விடை வகுக்கிறார்கள் என்பதே வினா.

இவ்வினா புங்குடுதீவுக்குத் தனிப்பொருத்தம் உடையது. வாணிபத்தாற் பெயர்பெற்ற ஊர் அது. தீவின் மைந்தர் கொழும்பு முதலிய நகரங்களிற் கடை நடத்தினர்; அச்சம்பாத்தியமே ஊரில் வீடாகவும் கோயிலாகவும் பாடசாலையாகவும் உயர்ந்தது. வாங்குவோரின் முகக்குறிப்பறிந்து பண்டம் எடுத்துக் கொடுக்கும் வணிகரின் அறிவு இகழத்தக்கதன்று. எனினும் வணிகர், பிறர் வகுத்த பொருளைப் பிறருக்குக் கைமாற்றுபவர். வாடிக்கையாளரின் குறையை அவர் காதாற் கேட்பார். ஆனால் அக்குறையைப் பொருளிலே திருத்தும் ஆற்றல் அவரிடம் இல்லை. செய்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையில் விழுந்த தூரம் இதுவே. நுகர்வுச் சமூகம் முழுவதும் இத்தூரத்தின்மீதே கட்டப்பட்டிருக்கின்றது.

இத்தூரம் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதைத் தொழில்நுட்ப வரலாறு காட்டுகின்றது. 1908இல் வெளிவந்த போர்ட் கொம்பனியின் 'ரி' வகை மோட்டார் வண்டி, எளியோரும் வாங்கத்தக்க உறுதியான வண்டி என்னும் ஒரே நோக்கோடு ஆக்கப்பட்டது. காலப்போக்கில் அதன் விலை குறைந்தது. 1920களில் ஜெனரல் மோட்டார்ஸ் கொம்பனி வேறு வழியைக் கண்டது. வண்டியின் புறத்தோற்றத்தை ஆண்டுதோறும் மாற்றினால், நன்றாக ஓடும் பழைய வண்டியின்மேலேயே உரிமையாளருக்கு வெறுப்புண்டாகும் என்பது அதன் கணக்கு. வடிவமைப்பாளரின் திறமை, குறையைத் தீர்ப்பதை விடுத்து மனக்குறையை உண்டாக்குவதற்குப் பயன்படத் தொடங்கியது. 1924இல் மின்குமிழ் உற்பத்தியாளர்கள் கூடி, குமிழின் ஆயுளை ஆயிரம் மணித்தியாலத்துக்குள் அடக்க உடன்பட்டமை இன்னும் வெளிப்படையான சான்று. நெடிது உழைக்கும் குமிழைச் செய்யும் அறிவு அவர்களிடம் இருந்தது. அவ்வறிவைக் குறுக்குவதற்கும் அறிவே துணைபோயிற்று.

ஆக்கச் சிந்தனை தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று என்பது இதனாற் பெறப்படும். ஆக்கத்திறனை வளர்த்தால் சமூகம் தானே மேம்படும் என்று கூறுவோர் இதனைக் கவனிப்பதில்லை. அத்திறன் எவ்வினாவுக்கு விடை தேடுகின்றது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும்.

தேவை ஒன்றே வினாவாக நின்ற ஒரு காலத்தையும் நாம் கண்டிருக்கின்றோம். 1990 முதல் வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய், பெற்றோல், மின்கலம் முதலியன கிடைத்தற்கரியனவாயின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து குடாநாட்டில் தங்கிய தீவக மக்களும் அத்துன்பத்திற் பங்குகொண்டனர். அந்நாளில் வீடுதோறும் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு, அதில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெய், திரியை நிமிர்த்திப் பிடிக்க ஒரு கம்பித் துண்டு; போத்தலின் கண்ணாடியே சிமினி. எண்ணெய்ச் செலவு மிகக் குறைவு, காற்றுக்கு அணையாது, எவரும் செய்யலாம். அவ்வொளியிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோர் பலர். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது; சைக்கிள் டைனமோ வானொலிக்கு மின்சாரம் தந்தது. இவற்றை வகுத்தவர்களின் பெயர்களை எவரும் அறியார்.

வறுமையும் தடையும் ஆக்கத்தின் தாய் என்று இதனைப் போற்றிப் பாடுதல் கொடுமையாகும். பிள்ளைகள் மங்கிய வெளிச்சத்திற் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய நிலையை எவரும் விரும்பார். தடை நீங்கியபின் அவ்விளக்குகள் மறைந்தமை நன்றே. ஆயின் அவற்றோடு, 'நமக்கு உண்மையில் வேண்டியது யாது, கையிலுள்ளதைக் கொண்டு அதை எவ்வாறு ஆக்கலாம்' என்று வினவும் பழக்கமும் மறைந்துவிட்டது. இழப்பு அதுதான். மிகுதியான பண்டங்களின் நடுவில் அவ்வினாவை நமக்காகப் பிறர் எழுப்பி, விடையையும் பிறரே பொதிகட்டி அனுப்புகின்றனர்.

குறிகட்டுவானில் விற்கப்படும் தண்ணீர்ப் போத்தலை நோக்குக. நீர் அரிய தீவில் அது பயனுள்ள பொருளே. பாரம் குறைந்தது, உடையாது, கசியாது. ஆனால் அதை வகுத்தவரின் சிந்தனை கடை வாசலோடு நின்றுவிட்டது. குடித்து முடித்தபின் அது எங்கே போகும் என்ற வினாவுக்கு அவரிடம் விடையில்லை. கடல் சூழ்ந்த சிறு நிலத்திலோ 'அப்பால்' என்று எறிவதற்கு ஓர் இடம் இல்லை. 2017ஆம் ஆண்டு இலங்கை அரசு உணவு சுற்றும் பொலித்தீன் தாள் முதலியவற்றைத் தடைசெய்தது. சிந்தனை தவறிய இடத்திற் சட்டம் காவலுக்கு வந்தது எனலாம். எறிய வேண்டாம் என்று கூறச் சட்டத்தால் இயலும். எதைக் கொண்டு பொதிய வேண்டும் என்று கண்டுகொடுக்க அதனால் இயலாது.

தேவை யாருடையது என்ற வினாவும் இவ்விடத்தில் எழுகின்றது. புங்குடுதீவு ஈன்ற சிந்தனையாளர் மு. தளையசிங்கம் (1935–1973) இதனை ஏட்டளவில் நிறுத்தாது வாழ்விலே எழுப்பியவர். கலையும் தொழிலும் வாழ்வும் தனித்தனியே பிரிந்து நிற்கும் நிலை நீங்கவேண்டும் என்பது அவருடைய சிந்தனையின் அடிநாதங்களுள் ஒன்று. எழுபதுகளின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஊரின் நன்னீர்க் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காக நிகழ்ந்த போராட்டத்தில் அவர் முன்னின்றார். அதன்பொருட்டுத் தாக்குதலுக்கும் உள்ளானார். கிணறும் ஒரு வடிவமைப்பே. ஊற்றறிந்து தோண்டி, கல் கட்டி, துலாவும் பட்டையும் பொருத்திய அறிவு அதில் உண்டு. தொழில்நுட்ப நோக்கில் அக்கிணற்றிற் குறையில்லை. ஆயின் தாகமுள்ள மனிதருள் ஒரு பகுதியினர் அதன் பயனாளராக எண்ணப்படவே இல்லை. யாரை எண்ணுகிறோம் என்ற முதற்கணக்கிற் பிழை நேர்ந்தால், பின்னர் வரும் திறமை அனைத்தும் அப்பிழைக்கே ஏவல் செய்யும். நம் பழைய வடிவங்கள் சிறந்தவை என்று பெருமைகொள்ளும்போது இதனையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும். இன்றைய சந்தை சாதி பார்த்து எண்ணாதிருக்கலாம். ஆனால் பணம் பார்த்தே எண்ணுகின்றது. வாங்கும் வலுவில்லாத முதியவரும், மாற்றுத்திறனாளியும், இன்னும் பிறவாத தலைமுறையும் அதன் பட்டியலில் இல்லை.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். சிறிய சமூகமொன்று உலகச் சந்தையோடு போட்டியிட்டுத் தன் பொருள்களைத் தானே வகுக்க இயலுமா? மலிவாகக் கிடைப்பதை வாங்குவதன்றோ பொருளியல் விவேகம்? இம்மறுப்பு வலுவானதே. எல்லாப் பொருளையும் நாமே ஆக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அது இயலாததும் வேண்டாததுமாகும். ஆயின் நம் நீர், நம் வெயில், நம் உணவு, நம் வீடு என்பவற்றைப் பற்றிய அறிவை வெளியிலிருந்து வாங்க முடியாது. எங்கோ ஒரு குளிர்நாட்டில் வகுக்கப்பட்ட வீட்டுப் படத்தைத் தீவின் வெயிலிற் கட்டி, பின் அவ்வெப்பத்தைத் தணிக்கும் இயந்திரத்தையும் வாங்குவது விவேகமாகாது. மழைநீரைச் சேமிக்கும் கூரை, உப்புக்காற்றுக்கு இற்றுப்போகாத கதவு, இழைப்பவளுக்கு நியாயமான கூலி தந்து இன்றைய சமையலறைக்கும் பொருந்தும் ஓலைப் பெட்டி ஆகியவற்றை நமக்காக வேறெவரும் சிந்திக்கமாட்டார். பனை வளத்துக்கென 1978இல் ஒரு சபை நிறுவப்பட்டது. மூலப்பொருளும் கைத்திறனும் இன்னும் அற்றுப்போகவில்லை. விருந்தினர் கூடத்தில் அழகுக்கு வைக்கும் நினைவுப்பொருளாக ஓலைப்பொருள் சுருங்குமா, அன்றி வாழ்வுக்குப் பயன்படும் பொருளாகத் தொடருமா என்பது ஆக்கச் சிந்தனையைப் பொறுத்தது.

இதிலே பல்கலைக்கழகத்தின் கடமையும் அடங்கியிருக்கின்றது. நமது கல்வி, கொடுக்கப்பட்ட வினாவுக்கு விடையெழுதப் பழக்குகின்றது; வினாவையே வகுக்கப் பழக்குவதில்லை. பொறியியல் மாணவர் பொருளின் வலிமையை அறிவர். பொருளியல் மாணவர் அதன் விலையை அறிவர். தமிழ் மாணவர் அதன் பெயரையும் மரபையும் அறிவர். இம்மூவரும் ஒரு கிணற்றடியிற் கூடி நின்று, அங்கு நீர் அள்ள வருபவரைக் கேட்டறியும் வழக்கம் நம்மிடையே இல்லை. வடிவமைப்பு தொடங்கும் இடமோ அதுவே.

நுகர்வோர் என்ற பெயரை நாம் விரும்பி ஏற்றுக்கொண்டோம். தெரிவுசெய்யும் உரிமை நமக்குண்டு என்று அப்பெயர் நம்மை மகிழ்விக்கின்றது. பத்துப் பண்டங்களுள் ஒன்றைத் தெரியும் உரிமை சிறியது. அப்பத்தும் எவருடைய எத்தேவைக்காக ஆக்கப்பட வேண்டும் என்று சொல்லும் உரிமை பெரியது. சிறியதைப் பெற்ற மகிழ்ச்சியிற் பெரியதைக் கைவிட்ட சமூகத்துக்குச் செல்வம் வரலாம். தன் வாழ்வைத் தானே வகுக்கும் ஆற்றல் வாராது. அவ்வாற்றலை மீட்பதற்கு வேண்டிய அறிவு நம் முன்னோர் இழைத்த பெட்டியிலும், நாம் ஏற்றிய போத்தல் விளக்கிலும் இருந்தது. வேண்டிய நீதி, அனைவருக்கும் நீர் வேண்டுமென்று கேட்டவரின் குரலில் இருந்தது. இவ்விரண்டையும் இணைப்பது இனி நம் பொறுப்பு.