வழிப்போக்கனின் பாலிஸி

குடித்துவிட்டுக் கார் ஓட்டித் தண்டனை பெற்ற ஒருவனுக்கு எந்தக் கம்பெனியும் இனி இன்ஷூரன்ஸ் கொடுக்கலாகாது என்று ஆத்திரத்தோடு சொல்லும் நல்ல மனிதர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய கோபத்தில் தர்மம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த வழிப்போக்கனுக்காக அந்தக் கோபம் எழுந்ததோ, அவனையே அது நடுத்தெருவில் கைவிட்டுவிடுகிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

இந்த விஷயத்தில் இங்கிலாந்தின் அனுபவம் நீண்டது. அங்கே சில காலம் வசித்தவன் என்ற முறையில் அதைப் பற்றிப் பேச எனக்குத் துணிவு வருகிறது. மோட்டார் ஓட்டுகிற ஒவ்வொருவரும் தம்மால் பிறருக்கு நேரக்கூடிய காயத்துக்கும் மரணத்துக்கும் இன்ஷூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும் என்று 1930-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம் நிர்ப்பந்தம் செய்தபோது, ஓட்டுகிறவனுடைய வண்டியைப் பற்றி அது கவலைப்படவே இல்லை. அதன் கவலையெல்லாம் தெருவில் இருக்கும் மற்றவரைப் பற்றியது. பிறகு 1967-இல், பார்பரா காஸில் அம்மையார் போக்குவரத்து மந்திரியாக இருந்தபோது, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்ற எல்லையும் மூச்சுச் சோதனையும் அமுலுக்கு வந்தன. அம்மையாருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று பரிகசித்தவர்கள் உண்டு. நடந்துபோகிறவர்கள் சார்பில் பேச அதைவிடப் பெரிய யோக்கியதை என்ன இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த எல்லையைத் தாண்டிப் பிடிபட்டவன் சாதாரணமாகக் குறைந்தது 12 மாதங்களுக்கு லைசென்ஸை இழக்கிறான். பத்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் அகப்பட்டால் அது மூன்று ஆண்டுகளாகிறது. தண்டனைக் காலம் முடிந்து அவன் கம்பெனிகளின் வாசலுக்கு வரும்போது, சிலர் முகம் பார்க்காமலே மறுத்துவிடுகிறார்கள். ஏற்றுக்கொள்கிறவர்களோ பிரீமியத்தைத் திகைக்கும்படி உயர்த்திச் சொல்கிறார்கள். இதை இரண்டாவது தண்டனை என்று அவன் நினைத்துக்கொள்வது இயல்பே. ஆயினும் நியாயாதிபதி, நீ என்ன செய்தாய் என்று கேட்கிறார். கம்பெனியோ, நீ இனி என்ன செய்யக்கூடும் என்று கணக்குப் பார்க்கிறது. பாவபுண்ணியம் எழுதும் சித்திரகுப்தனின் ஏடு அல்ல அது. சந்தைக்கடைக்காரனின் நோட்டுப் புத்தகம்.

அந்தக் கணக்குக்கும் சட்டம் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. ஓட்டுகிறவனுடைய உடல்நிலையையோ மனநிலையையோ காரணமாகக் காட்டி, அவனால் அடிபட்டவருக்குத் தரவேண்டிய நஷ்டஈட்டைக் கம்பெனி மறுத்துவிட முடியாதபடி 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவன் குடித்திருந்தான் என்பது அவனுடைய சொந்தக் காரின் சேதத்துக்குப் பணம் தராதிருக்கக் காரணமாகலாம். அவன் மோதிய பெண்ணின் முறிந்த காலுக்கு ஆகாது. முதலில் அவளுக்குக் கொடு, பிறகு அவனிடம் உன் வழக்கைப் பார்த்துக்கொள் என்பதே சட்டத்தின் போக்கு. சரி, இன்ஷூரன்ஸே இல்லாமல் ஒருவன் ஓட்டி மோதினால்? அதற்காக 1946-இல் மோட்டார் இன்ஷூரர்கள் பீரோ என்றொரு ஸ்தாபனம் ஏற்பட்டது. அதன் நிதி எல்லா மோட்டார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடமிருந்தும், அதாவது முடிவில் ஒழுங்காகப் பிரீமியம் கட்டும் ஜனங்களிடமிருந்தும் வருகிறது. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டால் குற்றவாளி வீட்டோடு இருந்துவிடுவான் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அவன் இன்ஷூரன்ஸ் இல்லாமலே ஓட்டுவான், பணத்தை நிதானமுள்ளவர்கள் கட்டுவார்கள். ஆகையால் அதிகப் பிரீமியமானாலும் அவனுக்கு ஒரு பாலிஸி கிடைப்பது நமக்குத்தான் நல்லது.

லண்டனில் வாழும் என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் குடித்து ஓட்டித் தண்டனை பெறும் நிலைக்கு ஆளானான். தடைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள், "அண்ணா, இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் தண்டனை உண்டா என்ற அந்த ஒரு கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்று போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று என்னைக் கேட்டான். தெரியும். லைசென்ஸ் பதிவேட்டில் அந்தக் குற்றம் 11 ஆண்டுகள் நிற்கிறது. லைசென்ஸ் எண்ணைக் கொண்டு கம்பெனியே அதைப் பார்த்துக்கொள்ளவும் இன்று வழி உண்டு. கேட்ட கேள்விக்கு வேண்டுமென்றே பொய் சொன்னவனுடைய பாலிஸியைச் செல்லாததாக்கவும், கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தராதிருக்கவும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனிக்கு அதிகாரம் தருகிறது. குடித்த மயக்கத்தில் செய்த குற்றம் ஒன்று. நல்ல புத்தியோடு உட்கார்ந்து எழுதும் பொய் வேறொன்று. பின்னதற்கு மது சாக்காகாது என்று அவனிடம் சொன்னேன். கோபித்துக்கொண்டான், பிறகு உண்மையை எழுதினான்.

அதே நாட்டில் 1974-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம், லைசென்ஸில் பதிவான இத்தகைய குற்றத்தை இங்கிலாந்தில் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின், கேட்டாலும் கம்பெனியிடம் சொல்லவேண்டியதில்லை என்கிறது. ராஜாங்கத்தின் ஏடு 11 ஆண்டுகள் நினைவில் வைத்திருக்க, வியாபாரியின் ஏடு மட்டும் ஐந்தில் மறக்கவேண்டும் என்பது சிலருக்கு முரண்பாடாகத் தோன்றலாம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. திரும்பக் குற்றம் செய்பவனைக் கண்டுகொள்ள ராஜாங்கத்துக்கு நீண்ட ஞாபகம் தேவை. கணக்குக்கோ தானாகக் கருணை பிறப்பதில்லையாதலால், அதை வெளியிலிருந்து சட்டந்தான் கொடுக்கவேண்டியிருக்கிறது.

அந்த ஐந்து ஆண்டுகள் முடியாதவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அவரிடம் என் வேண்டுகோள் இதுதான்: கேட்ட இடத்தில் உண்மையை எழுதுங்கள், சொன்ன பணத்தைக் கட்டுங்கள், அது கட்டுப்படியாகாவிட்டால் காரை விற்றுவிட்டு பஸ்ஸில் போங்கள்.